‘அட்ஜஸ்ட்’ செய்வது யார்?



இங்கிலீஷில் ஒரு பக்கம் எழுதச் சொன்னால் நம்மில் பாதிப் பேருக்குக் கை நடுங்கும். ஆனால் சில இங்கிலீஷ் வார்த்தைகளுக்கு நமக்கு டிக்‌ஷனரியே தேவையில்லை. மூன்று பேர் உட்காரும் பஸ் சீட்டில் நாலாவது ஆள் வந்து நின்று, "அண்ணே, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்றால், பள்ளிக்கூடம் பக்கமே ஒதுங்காதவரும் நகர்ந்து இடம் கொடுப்பார். மளிகைக் கடைக்காரர் "சில்லறை இல்ல தம்பி, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்று மிட்டாயை நீட்டுவார். ஹாஸ்டலில் சாம்பார் தண்ணியாக ஓடினால், "இன்னைக்கு ஒரு நாள் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்கப்பா" என்பார் சமையல் மாஸ்டர். அந்த ஒரு நாள் வருஷம் முழுக்க வரும்!

இதே வார்த்தை கோட்டு சூட்டுப் போட்டுக்கொண்டு பத்திரிகைகளின் பொருளாதாரப் பக்கங்களிலும் உலவுகிறது. விலை ‘அட்ஜஸ்ட்’ ஆகிறது. கூலி ‘அட்ஜஸ்ட்’ ஆகிறது. ரூபாயின் மதிப்பு ‘அட்ஜஸ்ட்’ செய்யப்படுகிறது. ஒரு நாட்டின் பொருளாதாரமே ‘ஸ்ட்ரக்சுரல் அட்ஜஸ்ட்மென்ட்’ செய்துகொள்கிறது. படிக்கும்போது ஏதோ திருகாணியைக் கால் சுற்றுத் திருகியதுபோல் சாதாரணமாகத் தெரிகிறது. திருகப்பட்டது யார் என்று பார்த்தால்தான் விஷயம் விளங்கும்.

இந்த ஒற்றை வினைச்சொல்லைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. வினைச்சொல் என்றால் அதற்கு ஒரு எழுவாய் வேண்டும் என்று தமிழய்யா ஆறாம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார். அந்த எழுவாயைத் தேடுவதுதான் நம் வேலை.

பட்டறையில் ஒரு பாடம்

பாலிடெக்னிக் மாணவனுக்கு ‘அட்ஜஸ்ட்’ என்பது தினசரி வேலை. லேத்தில் ஒரு ஜாப்பை டர்னிங் செய்கிறோம். ஒரு முனையில் விட்டம் கூடுதலாகவும் மறுமுனையில் குறைவாகவும் வருகிறது. உடனே லேப் இன்ஸ்ட்ரக்டர் என்ன சொல்வார்? "டெயில்ஸ்டாக் அலைன்மென்டைப் பாருப்பா" என்பார். ஹெட்ஸ்டாக்கின் அச்சை நிலையானதாக வைத்துக்கொண்டு, டெயில்ஸ்டாக்கைத் திருகி அதன் நேருக்குக் கொண்டு வருகிறோம். எவ்வளவு நகர்த்தினோம் என்பதை டயல் கேஜ் காட்டிக் கொடுக்கும்.

இதில் மூன்று சங்கதிகள் இருப்பதைக் கவனியுங்கள். ஒன்று, நகரும் பாகம். இரண்டு, நகராமல் நிற்கும் பாகம். அதாவது எதற்கு நேராக நகர்த்துகிறோமோ அது. மூன்று, எவ்வளவு, எந்தப் பக்கம் என்கிற அளவு. இந்த மூன்றையும் சொல்லாமல் "அட்ஜஸ்ட் பண்ணிட்டேன் சார்" என்று ரெக்கார்டு நோட்டில் எழுதினால் நமக்கு எத்தனை மார்க் விழும் என்று உங்களுக்கே தெரியும்.

ஆனால் பொருளாதார விமர்சகர்கள் இந்த மூன்றையும் சொல்லாமலே எழுதுகிறார்கள். கேட்பாரில்லை! எது ஹெட்ஸ்டாக், எது டெயில்ஸ்டாக் என்று யார் முடிவு செய்தது? நகராமல் நிற்கும் உரிமையை அதற்கு யார் கொடுத்தது? இதுதான் என் கேள்வி.

நம் வீடுகளிலேயே இந்தக் கேள்விக்கு விடை இருக்கிறது. கல்யாணமாகிப் போகிற பெண்ணிடம், "போற இடத்துல கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி நடந்துக்கம்மா" என்று அம்மா சொல்வாள், அத்தை சொல்வாள், அடுத்த வீட்டுப் பாட்டியும் சொல்வாள். மாப்பிள்ளையைக் கூப்பிட்டு இந்த வார்த்தையைச் சொன்னவர் எத்தனை பேர்? யார் மீது தப்பு என்பதைப் பொறுத்து இந்த வார்த்தை பாய்வதில்லை. யாருக்கு மறுத்துப் பேசும் பலம் குறைவோ, அவர்கள் பக்கமாகவே பாய்கிறது. உலகப் பொருளாதாரத்திலும் கதை இதேதான்.

தன்வினையும் பிறவினையும்

முதலில் கொஞ்சம் இலக்கணம். (பயப்பட வேண்டாம், அரியர் வைக்கிற அளவுக்கு இல்லை!)

இங்கிலீஷில் ‘அட்ஜஸ்ட்’ என்ற சொல்லை இரண்டு விதமாகவும் எழுதலாம். அரசு விலையை ‘அட்ஜஸ்ட்’ செய்தது என்றும் எழுதலாம். விலை ‘அட்ஜஸ்ட்’ ஆனது என்றும் எழுதலாம். சொல்லின் உருவம் மாறவே மாறாது. செய்தவரைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, பொருள் தானே நடந்ததுபோல் எழுத அந்த மொழி தாராளமாக இடம் தருகிறது.

தமிழ் அப்படி விடுவதில்லை. உயர்ந்தது என்றால் ஒன்று, உயர்த்தியது என்றால் வேறு. குறைந்தது - குறைத்தது, தளர்ந்தது - தளர்த்தியது, மாறியது - மாற்றியது, திருந்தியது - திருத்தியது. ஒரே ஒரு எழுத்து மாறினால் போதும், பின்னால் ஒரு கை இருக்கிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும். தன்வினை, பிறவினை என்று நம் முன்னோர் பிரித்து வைத்தது பரீட்சையில் ரெண்டு மார்க் கேள்விக்காக மட்டுமல்ல நண்பர்களே!

இந்த வசதி இருந்தும் நாம் ஏமாறுகிறோம். ‘கட்டணம் உயர்ந்தது’ என்று தலைப்புப் போட்டால் நாமும் மழை பெய்தது, வெயில் அடித்தது என்பதுபோல் படித்துவிட்டுப் போகிறோம். கட்டணம் என்ன கிணற்றுத் தண்ணீரா, தானாக உயர? இன்னொரு வித்தையும் உண்டு. ‘கட்டணச் சீரமைப்பு’, ‘விலை மாற்றியமைப்பு’ என்று மொழிபெயர்ப்பது. சீரமைத்தால் நல்லதுதானே? ‘சரிசெய்தல்’ என்றாலே முன்பு இருந்தது சரியில்லை என்ற தீர்ப்பும் அந்தச் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. வாதம் எதுவும் செய்யாமலே வழக்கு முடிந்துவிடுகிறது!

இங்கிலீஷ் சொல்லின் கதையும் கிட்டத்தட்ட இப்படித்தான். லத்தீனில் அதன் வேருக்குப் பொருள், பக்கத்தில் கொண்டுபோய் வைப்பது என்பதுதான். பிற்காலத்தில் நியாயம் என்று பொருள்படும் ‘ஜஸ்ட்’ என்ற சொல்லோடு மக்கள் அதை முடிச்சுப் போட்டுவிட்டார்கள். வெறுமனே நகர்த்துவதற்கு நியாயத்தின் வாசனை வந்து சேர்ந்தது அப்படித்தான்.

‘தானாக’ என்று சொன்னாலும் பின்னால் கை இருக்கும் என்பதற்கு நம் பெட்ரோல் பங்க்கே சாட்சி. 2017 ஜூன் 16 முதல் நாடு முழுவதும் பெட்ரோல், டீசல் விலை தினசரி மாறும் முறை வந்தது. சர்வதேசச் சந்தைக்கேற்ப விலை தானே ‘அட்ஜஸ்ட்’ ஆகும், ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும் என்று விளக்கினார்கள். 2020-ல் கொரோனா வந்து கச்சா எண்ணெய் விலை அதலபாதாளத்துக்குச் சரிந்தது. அப்போது என்ன நடந்தது? மார்ச் 14 அன்று மத்திய அரசு கலால் வரியை லிட்டருக்கு 3 ரூபாய் கூட்டியது. மே மாதம் பெட்ரோலுக்கு மேலும் 10 ரூபாய், டீசலுக்கு 13 ரூபாய் கூட்டியது. தினசரி மாற்றமும் சுமார் 80 நாட்கள் நின்றுபோனது. ஜூன் 7-ந் தேதி மறுபடி தொடங்கியது. தொடங்கியது எதில் என்று நினைக்கிறீர்கள்? ஏற்றத்தில்தான்!

ஊரடங்கில் அரசுக்கு வருமானம் விழுந்துவிட்டது, செலவுக்குப் பணம் வேண்டும் என்பது ஒரு காரணம்தான். அதை மறுக்கவில்லை. அப்படியானால் "வரியை உயர்த்தினோம், இன்ன காரணத்துக்காக உயர்த்தினோம்" என்பதுதானே நேர்மையான வாக்கியம்? அந்த வாக்கியத்தில் எழுவாய் இருக்கிறது. எழுவாய் இருந்தால் எதிர்க்கேள்வி கேட்க முடியும்.

பிரெட்டன் உட்ஸில் நடந்தது

இனி கொஞ்சம் சரித்திரம். 1944 ஜூலை மாதம் அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்தில் பிரெட்டன் உட்ஸ் என்ற இடத்தில் 44 நாடுகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். சர்வதேச நிதியம், உலக வங்கி இரண்டும் கருக்கொண்டது அங்கேதான். அங்கே மையமான பிரச்சனையே இந்த ‘அட்ஜஸ்ட்’தான். ஒரு நாடு ஏற்றுமதியைவிட அதிகமாக இறக்குமதி செய்து கடன்படுகிறது. இன்னொரு நாடு விற்று விற்றுப் பணத்தைக் குவிக்கிறது. தராசு சாய்ந்துவிட்டது. நேராக்க வேண்டும். எந்தத் தட்டைத் தொடுவது?

பிரிட்டனின் பொருளாதார மேதை ஜான் மேனார்ட் கீன்ஸ், இரண்டு தட்டையும் தொட வேண்டும் என்றார். ஒருவன் அதிகமாக வாங்கினால்தானே இன்னொருவன் அதிகமாக விற்க முடியும்? ஆகவே கடன்பட்ட நாட்டுக்கு மட்டுமல்லாமல், அளவுக்கு மீறிக் குவிக்கிற நாட்டுக்கும் கட்டணம் விதிக்க வேண்டும் என்பது அவருடைய திட்டம். அன்றைக்குக் குவித்து வைத்திருந்த நாடு அமெரிக்கா. அதன் பிரதிநிதி ஹாரி டெக்ஸ்டர் ஒயிட் அந்தத் திட்டத்தை ஏற்கவில்லை. ஒப்புக்கு ஒரு விதியை நிதியத்தின் சட்டத்தில் சேர்த்தார்கள். உபரி நாட்டின் நாணயம் தட்டுப்பாடானால் மற்ற நாடுகள் அதன்மீது கட்டுப்பாடு விதிக்கலாம் என்று. அந்த விதி ஒரு தடவைகூடப் பயன்படுத்தப்படவில்லை.

"சரிதான், கடன் வாங்கினவன்தானே வளைந்து கொடுக்கணும், இதில் என்ன அநியாயம்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்குப் பதிலும் அதே பிரெட்டன் உட்ஸில்தான் இருக்கிறது. நம் இந்தியாவே சம்பந்தப்பட்ட பதில்.

அந்த மாநாட்டில் இந்தியாவின் சார்பில் ஜெரமி ரெய்ஸ்மன் தலைமையில் ஒரு குழு போனது. சி.டி. தேஷ்முக், ஏ.டி. ஷ்ராஃப் ஆகியோருடன் நம் கோயம்புத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியாரும் அதில் இருந்தார். பிற்பாடு சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் ஆனவர் இவரே. அன்று இந்தியா கடனாளி அல்ல. கடன் கொடுத்த நாடு! யுத்த காலத்தில் இந்தியாவிடம் வாங்கிய சரக்குக்கும் சேவைக்கும் பிரிட்டன் ரொக்கம் தராமல், லண்டனில் பவுண்டு கணக்கில் பற்று எழுதிக்கொண்டே வந்தது. 1943-ல் வங்காளத்தில் பஞ்சத்தில் மக்கள் லட்சக்கணக்கில் மடிந்த அதே வருஷங்களில்தான் அந்தக் கணக்கு ஏறிக்கொண்டிருந்தது. யுத்தம் முடிந்தபோது இந்தியாவுக்கு வர வேண்டிய பாக்கி 100 கோடி பவுண்டுக்கு மேல்.

அந்தப் பணத்தில் ஒரு பகுதியையாவது டாலராக மாற்றிக்கொள்ள நிதியத்தின் மூலம் வழி செய்யுங்கள் என்று இந்தியக் குழு கேட்டது. முடியாது என்றார்கள். பிரிட்டனும் இந்தியாவும் தனியாகப் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயம் என்று ஒதுக்கிவிட்டார்கள். கடனாளியான பிரிட்டன் அங்கே நிர்ப்பந்தம் எதற்கும் ஆளாகவில்லை. கடன் கொடுத்த இந்தியாதான் காத்திருந்தது. பாக்கி தவணை தவணையாக விடுவிக்கப்பட்டது. இடையில் 1949 செப்டம்பரில் பவுண்டின் மதிப்பு 4.03 டாலரிலிருந்து 2.80 டாலராகக் குறைக்கப்பட்டது. மிச்சமிருந்த நம் பாக்கியின் டாலர் மதிப்பும் அந்த ஒரே நாளில் சுருங்கியது.

ஆகவே கடனாளி ‘அட்ஜஸ்ட்’ செய்ய வேண்டும் என்பது விதியே அல்ல நண்பர்களே. பலமில்லாதவன் கடன் கொடுத்திருந்தாலும் அவன்தான் ‘அட்ஜஸ்ட்’ செய்தான்.

திட்டமே ‘அட்ஜஸ்ட்மென்ட்’ ஆனது

1979-ல் எண்ணெய் விலை இரண்டாம் முறையாக எகிறியது. பணவீக்கத்தை அடக்க அமெரிக்க மத்திய வங்கி வட்டியை ஏற்ற, 1980-81-ல் அந்நாட்டு வங்கிகளின் முதன்மை வட்டி 20 சதவீதத்தையும் தாண்டியது. மாறும் வட்டிக்குக் கடன் வாங்கியிருந்த ஏழை நாடுகளின் கழுத்தில் சுருக்கு இறுகியது. 1982 ஆகஸ்டில் மெக்சிகோ கையை விரித்தது. வட்டியை ஏற்றியது ஒருவர், தவணை கட்ட முடியாமல் தவித்தது வேறொருவர்.

உலக வங்கி 1980-லிருந்து ‘ஸ்ட்ரக்சுரல் அட்ஜஸ்ட்மென்ட்’ என்ற பெயரிலேயே கடன் கொடுக்க ஆரம்பித்தது. ஆப்பிரிக்காவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் ஒரே மாதிரியான மருந்துச் சீட்டு. நாணயத்தின் மதிப்பைக் குறை, மானியத்தை வெட்டு, அரசுச் செலவைச் சுருக்கு, இறக்குமதிக்குக் கதவைத் திற, பொதுத்துறையை விற்று விடு. அரசுச் செலவு என்று பேப்பரில் எழுதப்பட்டிருந்ததில் ஆரம்பப் பள்ளியும், பிரசவ ஆஸ்பத்திரியும், ரேஷன் தானியமும் அடக்கம். ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃப் 1987-ல் ஒரு ஆய்வு நூலே வெளியிட வேண்டி வந்தது. ‘அட்ஜஸ்ட்மென்ட்’ செய்யுங்கள், ஆனால் மனித முகத்தோடு செய்யுங்கள் என்பது அதன் தலைப்பின் சாரம். முகமே இல்லாமல் அதுவரை நடந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

பெயர் கெட்டுப்போனதும் பெயரை மாற்றினார்கள். நிதியம் 1999-ல் அந்தக் கடனுக்கு ‘வறுமைக் குறைப்பு, வளர்ச்சி’ என்று புதுப் பெயர் சூட்டியது. உலக வங்கி 2004-ல் ‘வளர்ச்சிக் கொள்கைக் கடன்’ என்றாக்கியது. சொல்லையே ‘அட்ஜஸ்ட்’ செய்துவிட்டார்கள்!

1991: நம் முறை வந்தது

அந்த அலை நம்மை 1991-ல் தொட்டது. வளைகுடா யுத்தத்தால் எண்ணெய் விலை ஏறியிருந்தது. 1980-களில் அரசு வரவுக்கு மீறிச் செலவழித்திருந்தது. வெளிநாட்டு இந்தியர்கள் போட்டிருந்த டெபாசிட்டை எடுக்கத் தொடங்கினார்கள். அந்நியச் செலாவணி சில வார இறக்குமதிக்குத்தான் போதும் என்ற நிலை. மே மாதம் 20 டன் தங்கத்தை வெளிநாட்டில் விற்றார்கள். ஜூலையில் சுமார் 47 டன்னை அடகு வைத்தார்கள். ஜூலை 1, ஜூலை 3 என இரண்டே தவணையில் டாலருக்குச் சுமார் 21 ரூபாய் என்றிருந்தது சுமார் 26 ரூபாயானது.

1966 ஜூன் மாதம் 4.76 ரூபாயாக இருந்த டாலர் 7.50 ரூபாயாக ஆக்கப்பட்டபோது அதை எல்லோரும் நாணய மதிப்புக் குறைப்பு என்றே அழைத்தார்கள். நாடே கொதித்தது. 1991-ல் நடந்ததை ரிசர்வ் வங்கியின் ஆவணங்கள் ‘எக்ஸ்சேஞ்ச் ரேட் அட்ஜஸ்ட்மென்ட்’ என்று எழுதுகின்றன. வெட்டியது வெட்டியதுதான். கத்தியின் பெயர்தான் மாறியது.

அப்போது வேறு வழி இருந்ததா என்று கேட்டால், அதிகம் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பெட்ரோல் வாங்க டாலர் இல்லாத நாடு வீறாப்புப் பேச முடியாது. அன்று சில வாரத்துக்கே போதும் என்றிருந்த கையிருப்பு 2024-ல் 60,000 கோடி டாலரைத் தாண்டி நின்றது என்பதும் உண்மை. சுமையை யார் யார் எவ்வளவு தூக்கினார்கள் என்ற கணக்கு அந்த வார்த்தைக்குள் மறைந்துபோனதுதான் என் குறை.

ஒரு உதாரணம். 1991 ஜூலை பட்ஜெட்டில் நிதியமைச்சர் மன்மோகன் சிங் உர விலையை 40 சதவீதம் உயர்த்தினார். விவசாயிகளின் சார்பில் கட்சி வேறுபாடு இல்லாமல் எதிர்ப்புக் கிளம்பியது. உயர்வு 30 சதவீதமாகக் குறைந்தது. சிறு, குறு விவசாயிகளுக்கு விலக்கும் கிடைத்தது. பாருங்கள், ‘முடியாது’ என்று சொல்ல ஆள் இருந்த இடத்தில் நகராது என்றிருந்ததும் நகர்ந்தது!

இன்னொரு உதாரணம். வேலை இழக்கும் தொழிலாளருக்கு மறுபயிற்சியும் மாற்று வேலையும் தர 1992 பிப்ரவரியில் தேசியப் புதுப்பிப்பு நிதி என்று ஒன்று ஏற்படுத்தப்பட்டது. நல்ல நோக்கம்தான். ஆனால் அதில் பெரும்பகுதி பொதுத்துறை நிறுவனங்களில் ‘தங்கக் கைகுலுக்கல்’ என்ற விருப்ப ஓய்வுக்கே செலவானது. கையைக் குலுக்கி வாசலைக் காட்டினார்கள். புதிய வேலை கற்றுக் கொடுப்பது பின்னுக்குப் போய்விட்டது.

பணக்கார நாடும் தப்பவில்லை

இது ஏழை நாட்டுக் கதை மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2010 மே மாதம் ஐரோப்பாவின் கிரீஸ் நாட்டுக்கு 11,000 கோடி யூரோ கடன் ஏற்பாடானது. அந்தத் திட்டத்தின் அதிகாரபூர்வப் பெயரே ‘எகனாமிக் அட்ஜஸ்ட்மென்ட் புரோகிராம்’. ஓய்வூதியத்தை வெட்டினார்கள். 2012-ல் குறைந்தபட்சக் கூலியை 22 சதவீதம் குறைத்தார்கள். நம் வயதுக்காரர்களுக்கு, அதாவது 25 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு, 32 சதவீதம்! 2013-ல் வேலையில்லாதோர் 27 சதவீதத்தைத் தாண்டினார்கள். இளைஞர்களில் பாதிக்கு மேல் வேலையில்லை. கிரீஸ் அரசு கணக்கை மறைத்தது, அளவுக்கு மீறிக் கடன் வாங்கியது, எல்லாம் உண்மை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கடன் கொடுத்த வங்கிகளுக்கும் பங்கு உண்டல்லவா? தனியார் கடன் பத்திரக்காரர்கள் தம் அசலில் பாதிக்கு மேல் விட்டுக் கொடுத்தது 2012 மார்ச்சில்தான். கடனைக் குறைக்கத் தாமதித்தது தவறு என்பதை நிதியமே 2013-ல் தன் ஆய்வறிக்கையில் ஏற்றுக்கொண்டது. இதற்குள் டெயில்ஸ்டாக்கை எவ்வளவு திருக முடியுமோ அவ்வளவும் திருகியாகிவிட்டது.

நேர்மையான ‘அட்ஜஸ்ட்’டும் உண்டு

இந்தச் சொல்லையே பேசக்கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. மத்திய அரசு ஊழியரின் அகவிலைப்படியை எடுத்துக்கொள்ளுங்கள். தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டெண் எவ்வளவு ஏறியதோ, அதற்கு ஒரு சூத்திரம் போட்டு ஜனவரியிலும் ஜூலையிலும் படியைக் கூட்டுகிறார்கள். எது நகர்கிறது, எதை வைத்து நகர்கிறது, எவ்வளவு நகர்கிறது என்ற மூன்றும் அதில் உண்டு. யார் வேண்டுமானாலும் கணக்குப் போட்டுச் சரிபார்க்கலாம். டயல் கேஜ் மாட்டிய ‘அட்ஜஸ்ட்மென்ட்’ அது.

அதையும் 2020 ஜனவரி முதல் 2021 ஜூன் வரை 18 மாதம் ஒரே உத்தரவில் நிறுத்தி வைத்தார்கள். மூன்று தவணை போனது. அந்தக் காலத்து நிலுவையும் தரவில்லை. ஆனாலும் இன்னின்ன தவணை போனது என்று அந்த ஊழியரால் விரல் விட்டுச் சொல்ல முடிகிறது. சூத்திரமே இல்லாத ஒப்பந்தத் தொழிலாளி எதைச் சொல்வான்?

நம் வாசலில்

நண்பர்களே, இதெல்லாம் டெல்லி, வாஷிங்டன் சமாச்சாரம் என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். டிப்ளமோ முடித்து நாம் போகப்போவது தொழிற்பேட்டைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும்தான். முதலில் அப்ரென்டிஸ், அப்புறம் டிரெய்னி, அப்புறம் கான்ட்ராக்ட். ஆர்டர் குறைந்தால் கேட்டில் ஒட்டும் நோட்டீஸில் ‘மேன்பவர் அட்ஜஸ்ட்மென்ட்’ என்று இரண்டே வார்த்தை இருக்கும். எழுவாய் இருக்காது. "மார்க்கெட் நிலவரம் அப்படி தம்பி, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்பார் சூப்பர்வைசர். அவர் நல்லவராகக்கூட இருக்கலாம். நாளைக்கு நம்மில் ஒருவரே அந்த சூப்பர்வைசராகவும் இருக்கலாம்.

அப்போது மூன்று கேள்விகள் கேட்கப் பழகிக்கொள்வோம். பட்டறையில் படித்த அதே மூன்று கேள்விகள்தான்.

ஒன்று: நகர்வது யார்? கூலியா, லாபமா, வட்டியா, வரியா?

இரண்டு: நகராமல் நிற்பது எது? அதை நிலையானது என்று முடிவு செய்தது யார்?

மூன்று: எவ்வளவு, எந்தப் பக்கம், எத்தனை நாளைக்கு? நிலைமை சீரானால் பழைய இடத்துக்குத் திரும்புமா?

இந்த மூன்றுக்கும் ஒளிவு மறைவில்லாத பதில் வந்தால், கஷ்ட காலத்தில் தோள் கொடுக்க நாம் தயங்க மாட்டோம். வீட்டில் வருமானம் குறைந்தால் எல்லோரும் ஒரு வாய் குறைத்துச் சாப்பிடுவது நம் பழக்கம்தான். ஆனால் எல்லோரும் குறைக்க வேண்டும். ஒருவர் இலையில் மட்டும் பாயசம் குறையாமல் இருந்தால் அதற்குப் பெயர் ‘அட்ஜஸ்ட்மென்ட்’ அல்ல.

ஆகவே செய்தித்தாளில் இனி இந்த வார்த்தையைக் கண்டால், பென்சிலை எடுத்து அதன் மேல் ஒரு கோடு போடுங்கள். பக்கத்தில் தமிழில் எழுதிப் பாருங்கள். உயர்ந்ததா, உயர்த்தினார்களா? குறைந்ததா, குறைத்தார்களா? உயர்த்தியவர் பெயர் செய்தியில் இல்லையென்றால், அந்தப் பெயரைக் கேட்டு வாங்குவது படித்த இளைஞனின் கடமை.

பஸ்ஸில் வயசானவர் வந்தால் தாராளமாக நகர்ந்து இடம் கொடுப்போம். ஜன்னலோர சீட்டில் காலை நீட்டிப் படுத்திருப்பவர் நம்மைப் பார்த்து "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்றால், முதலில் நீங்கள் காலை மடக்குங்கள் ஐயா என்று மரியாதையாகச் சொல்லுவோம்!

– மூன்றாமாண்டு மாணவர், இயந்திரவியல் துறை